லே நகரில் ஒரு பாதி வீடு

பொரோக்கோ, போர்ட் மோர்ஸ்பி
ஜூன் 23, ஞாயிறு

என் அன்பு மகள் மெர்லினுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உண்டு உறங்கி நடமாடுகிறபடி இருக்கிறோம், கடவுள் அங்கே உன்னையும் அப்படியே வைத்திருப்பார் என்ற நம்பிக்கையோடு இதைத் தொடங்குகிறேன். என் முழங்கால் படி ஏறும்போது மட்டும் முனகுகிறது, மற்றபடி குறையில்லை. அப்பாவுக்கு மதாங்கில் வந்த காய்ச்சல் முழுவதும் இறங்கிவிட்டது. என்ன காய்ச்சல், மதாங்குக்கு எதற்குப் போனீர்கள் என்று பதறாதே, வரிசையாகச் சொல்கிறேன். போனில் பேசினால் உன் அப்பா பின்னாலிருந்து நாலு வார்த்தைக்கு ஒரு தடவை திருத்துகிறார், உனக்கும் தோட்டத்தில் அரைமணி நேரம்தான் இடைவேளை, முக்கியமான இடத்தில் சரியாக சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். அடுத்த வாரம் கடல் கடந்து உங்கள் தோட்டத்துக்கே ஆரஞ்சு பறிக்க வருகிற நம் தெருப் பெண் டெல்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே இரண்டு சட்டை தைத்து வைத்திருக்கிறேன், மஞ்சள் உனக்கு, பச்சை உன்னோடு அறையில் இருக்கும் வனுவாட்டுப் பெண்ணுக்கு. அவளுக்கு அளவு தெரியாது, அதனால் கொஞ்சம் தொளதொளவென்றே விட்டிருக்கிறேன்.

ஈஸ்டர் அன்று நீ போனில் சொன்னாயே, தோட்ட வேலை ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறேன், அந்தப் பணத்தில் நீங்கள் மோர்ஸ்பியிலேயே வாடகைக்கு இருங்கள் என்று, அன்று நான் சரி பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு அப்பாவிடம் சொல்லவில்லை, இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வெளியே போய் வேலியோரம் நின்றார். கோபமா என்று கேட்டால் கோபமில்லை என்றார். அதிலிருந்து நாங்கள் இருவரும் என்னென்ன செய்தோம் என்பதைத்தான் இனி எழுதப் போகிறேன், முழுவதும் படித்துவிட்டு அப்புறம் போன் பண்ணு, பாதியில் பண்ணாதே.

அப்பாவின் லிஃப்ட் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது உனக்குத் தெரியும். அப்பாவுக்கு அறுபது முடிந்ததும் ஓய்வு, ஓய்வு என்றால் வீட்டுச் சாவியும் திருப்பித் தர வேண்டும், ஜூலை கடைசிக்குள். இருபத்தாறு வருஷம் குடியிருந்த வீடு. அவர்களைக் குறை சொல்லவில்லை, வேலைக்குத்தான் வீடு, வேலை முடிந்தால் வீடும் முடியும் என்று முதல் நாளே தெரிந்ததுதான். உடனே வாடகைக்கு இடம் தேடக் கிளம்பினோம். கெரெஹூவில் ஒருவர் காட்டிய இடம் கார் நிறுத்துகிற கொட்டகை, குறுக்கே ஒரு துணி கட்டியிருந்தார், இந்தப் பக்கம் படுக்கை, அந்தப் பக்கம் அடுப்பு, குளியலறை அவர்களோடு பொது, வாரத்துக்கு நானூறு கீனா. அப்பா துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, “ஐயா, அப்போ கார் எங்க தூங்கும்?” என்று கேட்டார். அந்த மனிதர் சிரிக்கக்கூட இல்லை, “காரை வித்துட்டேன், நீங்க தூங்குங்க” என்றார். தொக்கராராவில் பார்த்த வீடு நல்ல வீடுதான், ஆனால் வேலையில் இருந்தபோது வாங்கிய சம்பளத்தை அப்படியே கொடுத்தாலும் அந்த வாடகைக்குப் பற்றாது. நைன் மைலில் குடிசைப் பகுதியில் இடம் மலிவு, தண்ணீருக்கு அரைமணி நடக்க வேண்டும், என் முழங்காலோடு அது நடக்காது. நாலு வாரம் இப்படி அலைந்தோம். ஒவ்வொரு நாளும் திரும்பி வரும்போது அப்பா பஸ்ஸில் ஜன்னல் வழியாக உயரமான கட்டடங்களை எண்ணிக்கொண்டே வருவார், இதில் லிஃப்ட் நான் மாட்டியது, அதில் நான் இரண்டு தடவை கயிறு மாற்றியது என்று. ஊரையே மேலும் கீழும் தூக்கி இறக்கிய மனிதருக்கு அந்த ஊரில் ஒரு கொட்டகை இல்லை.

இனி இருவரில் ஒருவருடைய சொந்த ஊருக்குப் போவதுதான் வழி என்று நினைத்திருப்பாய், எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். நாங்களும் அதைத்தான் பேசினோம், ஆனால் எப்படிப் பேசினோம் தெரியுமா, அவர் “உங்க ஊருக்கே போவோம், மீன் சும்மா கிடைக்கும்” என்பார், நான் “வேண்டாம், உங்க மலைக்கே போவோம், வெயில் கிடையாது, கிழங்கு நல்லா வரும்” என்பேன். விருந்துக்கு வந்தவர்கள் கடைசித் துண்டுக் கறியை ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளுவது போல மூன்று வாரம் தள்ளிக்கொண்டிருந்தோம். ஒருநாள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது அவரே கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், “மெர்லின் அம்மா, ஒரு உண்மை சொல்லவா, உங்க ஊர்ல உன் அண்ணன் வீட்டுல நான் என்னவா இருப்பேன்? தங்கச்சி புருஷன். சாகிற வரைக்கும் தங்கச்சி புருஷன். ஒரு வாழைக்கன்னு வைக்கணும்னாலும் கேட்டுத்தான் வைக்கணும்.” நானும் சொன்னேன், உங்கள் சிம்பு மலையில் நான் மட்டும் என்னவாக இருப்பேன், கடற்கரைக்காரி, உங்கள் மொழி புரியாதவள், நீங்கள் முதலில் போய்விட்டால் அந்த மண்ணில் எனக்கு என்ன உரிமை என்று. எங்கள் பக்கம் நிலம் பெண் வழி, அவர்கள் பக்கம் ஆண் வழி, இரண்டுக்கும் நடுவில் நாங்கள் முப்பத்தொரு வருஷம் பொது மொழியான டோக் பிசினில் பேசிக் குடித்தனம் நடத்திவிட்டோம், மோர்ஸ்பி என்று ஓர் ஊர் இருந்ததால் நடத்தினோம். அன்று கிழங்கு பாதிதான் உரித்தோம், அரிசியும் டின் மீனும் வைத்துச் சாப்பிட்டோம், ஆனால் மனம் லேசாக இருந்தது.

அப்போதுதான் நீ போனில் அனுப்பியிருந்த பட்டியல் ஞாபகம் வந்தது, எந்த ஊரில் வாடகை என்ன, அரிசி என்ன விலை, பஸ்ஸுக்கு எவ்வளவு என்று. அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு அதை மூன்று தடவை படித்தார். பட்டியலில் வாடகை இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரன் எப்படி என்று இல்லையே என்றார். போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்று லே, கொரோக்கா, மதாங் மூன்றையும் ஒரே சுற்றில் பார்ப்பதாக முடிவு செய்தோம். உன்னிடம் சொன்னால் பணம் அனுப்புகிறேன் என்பாய், அதனால் சொல்லவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்ற சட்டைக் காசில் விமான டிக்கெட் எடுத்தோம்.

முதலில் லே. அப்பாவோடு முன்பு இங்கே வேலை பார்த்த யாலிங் இப்போது அங்கே தராக்காவில் சொந்த வீட்டில் இருக்கிறார், அவர் வீட்டில் தங்கினோம். விமானத்தை விட்டு இறங்கியதிலிருந்து மழை. மூன்று நாளும் மழை. ரோட்டில் குழி என்று சொல்வது தப்பு, குழிகளுக்கு நடுவே அங்கங்கே கொஞ்சம் ரோடு இருக்கிறது. நான் கொண்டுபோன துணி இரண்டாம் நாளே பூஞ்சை வாசம் அடித்தது, கத்தரிக்கோலில் துரு. யாலிங் மனைவி ரூபி, “அக்கா, இங்க மூணு மாசம் இருந்தீங்கன்னா உங்க முதுகுலயும் பாசி படரும்” என்று சிரித்தாள். வாடகை மோர்ஸ்பியில் பாதிக்கும் கீழே, சந்தையில் காய்கறி கொள்ளை மலிவு, அதெல்லாம் உண்மை. ஆனாலும் நான் மனதுக்குள் இந்த ஊரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். அப்பாவும் அடித்துவிட்டார் என்று முகத்தில் தெரிந்தது.

அங்கிருந்து பஸ்ஸில் கொரோக்கா, அப்பாவின் மலைக்குப் பக்கத்து ஊர். காற்று குளிர்ந்ததுமே அப்பாவுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. தங்குமிடத்தில் பையை வைத்து ஒரு மணி நேரம் ஆகவில்லை, சொந்த மொழிக்காரர்கள் எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிட்டார்கள், முதலில் இரண்டு பேர், மாலைக்குள் பதினோரு பேர். அண்ணன் தம்பி மச்சான் என்று கட்டிப்பிடித்து அழுதார்கள், பொய் அழுகை இல்லை, உண்மையான அழுகைதான். பெண்கள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார்கள், எல்லோரும் சிரித்தார்கள், எனக்குப் புரியவில்லை, உன் அப்பா எனக்குப் பதிலாகப் பதில் சொன்னார், மறுபடி சிரித்தார்கள். என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்றார். முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகும் அந்த ஒன்றுமில்லை எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலையில் ஒருவர் மகன் கல்யாணத்துக்குப் பெண் வீட்டுப் பரிசத்துக்கு உதவி கேட்டார், இன்னொருவர் பள்ளிக்கூடக் கட்டணம், மூன்றாமவர் பன்றி வாங்கக் காசு. அப்பா எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தார். அன்று மாலை என்னிடம், “இந்த ஊர்ல நான் பெரிய மனுஷன்தான், ஆனா வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். சனிக்கிழமை பாக்கெட் காலியானா யாருன்னு கேப்பாங்க” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அவருக்கு அங்கே இருக்க ஆசை, அந்தக் குளிரை விட்டு வர மனமில்லை. நான் கடலோரத்து மதாங்கைப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன்.

அடுத்து நடந்ததை எழுதக் கூடாது என்று அப்பா சொல்கிறார், நான் எழுதுகிறேன். மலையை விட்டு இறங்கி வாட்டரைஸ் வந்தால் ரோடு இரண்டாகப் பிரியும், ஒன்று லேக்கு, ஒன்று மதாங்குக்கு. பஸ் அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பஸ் கொரோக்காவை விட்டுக் கிளம்பும்போதே எங்களுக்குள் பேச்சு முற்றிவிட்டது. கொரோக்கா வேண்டாமென்றால் மதாங்கும் வேண்டாம் என்று அவர் சொல்ல, உங்களுக்கு உங்கள் ஆள்கள் போதும், எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நான் சொல்ல, பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். வாட்டரைஸில் உன் அப்பா தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். “நீ கடலோரம் இரு, நான் மலையில இருக்கேன். கிறிஸ்துமஸுக்குப் பாத்துக்குவோம்” என்று சொல்லிவிட்டு, மேலே போகிற வண்டிக்காக எதிர்ப்பக்கம் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அவர் வயதில் பலர் அப்படிப் பிரிந்து போனதை நாம் பார்த்திருக்கிறோம் மெர்லின், சண்டை போட்டு இல்லை, சும்மா ஆளுக்கொரு ஊராக. வேர்க்கடலை விற்கிற பெண்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி வாய் நிறையப் பாக்கோடு, “என்னய்யா, இந்த வயசுல பொண்டாட்டிய ரோட்டுல விட்டுட்டுப் போறீங்களா? போறதுன்னா போங்க, ரெண்டு கட்டு கடலை வாங்கிட்டுப் போங்க, வழியில பேச ஆள் இருக்காது” என்று சத்தமாகச் சொன்னாள். பஸ் முழுக்கச் சிரிப்பு. டிரைவர் என்னைப் பார்த்து, “அம்மா, என் வாயில இருக்கிற பாக்கு தீர்ற வரைக்கும் நிப்பேன். அதுக்குள்ள முடிச்சுக்கோங்க” என்றார்.

நான் இறங்கிப் போய் அவளிடம் இரண்டு கட்டு கடலை வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். உரித்து உரித்து அவர் கையில் வைத்தேன். நாலைந்து வாய் தின்ற பிறகு மெதுவாகச் சொன்னார். “லிஃப்ட் நின்னுபோனா எத்தனை மணியானாலும் என்னைத்தான் தேடுவாங்க. மந்திரி உள்ள மாட்டிக்கிட்டாலும் என் பேரைத்தான் கத்துவாரு. நாளையிலேர்ந்து என்னை யாரு தேடுவா? கொரோக்காவுல காசுக்குத் தேடுறாங்க. உங்க கடல்ல எதுக்குத் தேடுவாங்க? எனக்கு நீந்தக்கூடத் தெரியாது.” இத்தனை நாள் நாங்கள் வாடகையைப் பற்றியும் அரிசி விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம், அவர் மனதில் இது கிடந்திருக்கிறது. மதாங் வரைக்கும் வாங்க, பிடிக்கவில்லையென்றால் நானே திருப்பிக் கூட்டிப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். டிரைவர் ஹாரன் அடித்தார். அப்பா எழுந்து பையைத் தோளில் போட்டார். ஏறும்போது கடலைக்காரி கை தட்டினாள்.

மதாங்கைப் பற்றி என்ன சொல்ல. கடல் கண்ணாடி மாதிரி, சின்னச் சின்னத் தீவுகள், பெரிய நிழல் மரங்கள், சத்தமில்லாத தெருக்கள். வாடகை நாங்கள் பார்த்த மூன்றிலும் அதுதான் குறைவு. முதல் நாள் காலை நான் தண்ணீரில் கால் வைத்து நின்றேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பிப் பார்த்தால் அப்பா நாற்காலியை ரோட்டுப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார், கடலுக்கு முதுகு காட்டி. மூன்றாம் நாள் அவருக்குக் குளிர் நடுக்கம். மலேரியா. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், நான்கு நாள் தங்குமிடத்திலேயே கிடந்தார், நான் ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் கொஞ்சம் தணிந்த ஒரு மத்தியானம், “மெர்லின் அம்மா, நீ அன்னைக்குக் கடலைப் பாத்துச் சிரிச்சே. நம்ம மோர்ஸ்பி வீட்டுல நீ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்லை. இங்கேயே இருப்போம்” என்றார். அவர் உண்மையாகத்தான் சொன்னார். சரி என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும், இன்று உனக்கு மதாங்கிலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன். வாய் வரை வந்தது. ஆனால் அந்த நாற்காலி திரும்பியிருந்த திசை என் கண்ணை விட்டுப் போகவில்லை. சாகும்வரை எனக்காக ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டார், அதை நான் தினமும் பார்க்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும், சந்தையில் நான் விசாரித்ததில் என் சட்டைக்கு அங்கே முப்பது கீனாவுக்கு மேல் யாரும் தர மாட்டார்கள், மோர்ஸ்பியில் அறுபதுக்குப் போவது. மலிவான ஊரில் நாம் விற்பதும் மலிவாகிவிடும் என்பதை உன் பட்டியலில் யாரும் எழுதவில்லை. முதலில் உடம்பு தேறட்டும் என்று மட்டும் சொன்னேன்.

விமானம் லேயிலிருந்துதான், அதனால் மறுபடி யாலிங் வீடு. நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் யாலிங் அப்பாவை டவுனுக்குக் கூட்டிப் போனார், ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஏழு மாதமாக நின்றுகிடக்கிறதாம், சும்மா வந்து பாருங்கள் என்று. சும்மா பார்க்கப் போனவர் மாலை வரை வரவில்லை. அடுத்த நாளும் போனார். கதவு மூடியதை எந்திரத்துக்குச் சொல்கிற ஒரு சின்னத் தகடு, இந்த ஊர் ஈரத்தில் துருப்பிடித்திருந்ததாம், அவ்வளவுதான் கோளாறு, அதைக் கண்டுபிடிக்கத்தான் இரண்டு நாள். லிஃப்ட் ஓடியதும் நாலாம் மாடிக் கணக்கு ஆபீஸில் வேலை செய்கிற கர்ப்பிணிப் பெண் ஒருத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். “ஐயா, என் புள்ளைக்கு உங்க பேரு வைக்கிறேன்” என்றாளாம். “பொண்ணு பொறந்தா?” என்று இவர் கேட்டிருக்கிறார். “பொண்ணுன்னாலும் இக்னாஸ்தான்” என்றாளாம். வீட்டுக்கு வரும்போது சட்டை முழுக்க கிரீஸ், தலையில் சிலந்திக்கூடு, மழையில் நனைந்துகொண்டே தன் மலைப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டு வந்தார். அந்தக் கட்டடத்துக்காரரும் பக்கத்து இரண்டு கட்டடக்காரர்களும் வாரத்துக்கு இரண்டு நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாய். அதே நாட்களில் ரூபி என்னைத் துறைமுகத்துப் பக்கம் துணிக்கடைகளுக்குக் கூட்டிப் போனாள். துணி அங்கே வந்து இறங்குவதால் மோர்ஸ்பியை விட மலிவு, சட்டைக்கோ ஐம்பது தருகிறார்கள், அதைக் கணக்குப் போட்டபடி நடந்துகொண்டிருந்தேன். படகுத்துறையில் ஒரு கப்பல் ஆள்களை இறக்கிக்கொண்டிருந்தது, எங்கள் ஊர்ப் பக்கத்து அலோட்டவிலிருந்து வந்தது. பாயும் கூடையுமாக இறங்கிய பெண்கள் எங்கள் பாஷையில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள், என் பையை எங்கே வைத்தாய் கண் கெட்டவளே என்று. நான் அங்கேயே நின்றுவிட்டேன். ரூபி தெரிந்தவர்களா என்று கேட்டாள், இல்லை என்றேன். தெரிந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. கப்பல் வருகிற நாளில் வந்து நின்று கேட்டுவிட்டுப் போகலாம், யாரும் என்னிடம் எதையும் கேட்கப் போவதில்லை. அன்று மாலை யாலிங் வீட்டு வராந்தாவில் நானும் அப்பாவும் உட்கார்ந்திருந்தோம், மழை கொட்டிக்கொண்டிருந்தது. “கேவலமான ஊரு” என்றார் அப்பா. “ஆமா” என்றேன். “இங்கேர்ந்து ரோடு எங்க ஊருக்குப் போகுது, கப்பல் உங்க ஊருக்குப் போகுது” என்றார். “ஆமா” என்றேன். “அப்புறம் என்ன?” என்றார். அவ்வளவுதான் நாங்கள் பேசியது.

யாலிங் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு ஆசிரியர் வீட்டில் பாதி பக்கத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். ஊர் ஆள்களிடம் சொன்னதுதான் கஷ்டம். லெவி மாமாவிடம் நான் போன் பண்ணிச் சொன்னேன், தங்கச்சிக்கு அண்ணன் வீடு இருக்கும்போது வாடகை வீடா என்று கேட்டார், கடைசியில் பாய் இரண்டு அனுப்புகிறேன் என்றார். பெரியப்பா மோரா அப்படி இல்லை, கத்தினார். “லேயில செத்துப் போனா உன்னை யாருடா தூக்கிட்டு வருவா?” என்று கேட்டார். உன் அப்பா சத்தம் போடாமல் சொன்னார், “அண்ணா, ரோடு இருக்கு, வந்து தூக்கிட்டுப் போங்க. ஆனா உயிரோட இருக்கிறப்போ ஒரு தடவை வாங்க, கூட உக்காந்து சாப்பிடலாம்.” பெரியப்பா வருவார் என்று நினைக்கிறேன், வந்தால் தனியாக வர மாட்டார், அதற்கும் அரிசி வாங்கி வைக்க வேண்டும்.

உனக்கு நல்லதை மட்டும் எழுதினால் அது பொய்க் கடிதம். இந்த மோர்ஸ்பி வீட்டை விட்டுப் போக எனக்கு மனமில்லை. இங்கே எந்தக் கடையில் எந்த நாள் துணி வரும் என்று தெரியும், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் என் இடம் எது என்று எல்லோருக்கும் தெரியும். அறுபது வயதில் லேயில் ஒரு பஸ் எங்கே நிற்கும் என்று முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். மழைக்குத் துணியை டின் பெட்டியில் போட்டு வைக்க ரூபி சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அந்தப் பாதி வீட்டில் உனக்கென்று தனி அறை இல்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஒரு அறையும் வராந்தாவும்தான். நீ வந்தால் வராந்தாவில் கட்டில் போடலாம், அல்லது நானும் நீயும் உள்ளே, அப்பா வராந்தாவில். அவர் குறட்டைக்கு அதுதான் சரி.

இனி அந்தக் கையெழுத்து. எங்களுக்காகப் போடாதே. அப்பா சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன், “எம் பொண்ணு முதுகு ஒடிஞ்சு பழம் பறிக்கிற காசுல நான் தலைநகரத்துல உக்காந்திருந்தா அந்த நாற்காலி என்னைக் குத்தாதா?” இது கோபத்தில் சொன்னதில்லை. உனக்கே அங்கே இருக்க ஆசையென்றால், அந்த ஊர் பிடித்திருந்தால், உன் மனதில் வேறு யாராவது இருந்தால், அதற்காகப் போடு, மூன்று வருஷம் என்ன பத்து வருஷமும் இரு, நாங்கள் சந்தோஷப்படுவோம். எங்களை ஒரு காரணமாக மட்டும் வைத்துக்கொள்ளாதே. நீ இதுவரை அனுப்பியதில் நாங்கள் தொடாத பணம் உன் பெயரிலேயே இருக்கிறது, அதை நீ என்ன செய்யலாம் என்று நானும் அப்பாவும் ஆளுக்கொன்று சொல்கிறோம், நீ இருவர் சொல்வதையும் கேட்காதே.

சாமான்கள் ஜூலை பன்னிரண்டாம் தேதி கப்பலில் போகின்றன, நாங்கள் பதினெட்டாம் தேதி. உன் புத்தகப் பெட்டியும் பள்ளிக்கூட மெடல்களும் வருகின்றன, உன் பழைய சைக்கிளை டெல்மாவின் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. கையுறை இல்லாமல் பறிக்காதே, கீறலில் மருந்து போடாமல் விடாதே, வெயிலில் தண்ணீர் குடி. அங்கே விற்கிற பாக்கு பழசு, அதைத் தின்னாதே என்று எத்தனை தடவை சொல்வது.

நீ வரும்போது நீ இதுவரை பார்த்திராத ஒரு வீட்டுக்கு வரப் போகிறாய், அதனால் வழி எழுதி வைக்கிறேன். விமான நிலையம் ஊரை விட்டு வெகுதூரம், அங்கிருந்து டவுன் வண்டியில் எரிக்கு என்கிற பஸ் நிறுத்தம் வரைக்கும் வா. அங்கே இறங்கியதும் பையை முன்னால் மாட்டிக்கொள், முதுகில் வேண்டாம். தராக்கா பஸ் ஏறு, மாமரத்து நிறுத்தத்தில் இறக்கிவிடச் சொல், அங்கே பெரிய குழி ஒன்று உண்டு, மழைநாளில் அது குழி என்று தெரியாது, இடது ஓரமாகவே கால் வை. அதைத் தாண்டி நிமிர்ந்து பார்த்தால் பச்சைத் தகரக் கூரை. கதவைத் தட்ட வேண்டாம், அது மழைக்கு ஊதிப்போய் மூடுவதே இல்லை, உள்ளே வந்துவிடு.

கடவுள் உன் வழியெல்லாம் உனக்கு முன்னால் நடக்கட்டும், உன் கையில் காயம் படாமல் இருக்கட்டும். அப்பாவின் ஆசீர்வாதம், என் முத்தங்கள்.

உன்னை எந்த ஊரிலிருந்தும் நினைத்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா
ஒலிவ் கெரென்கா